கண்ணைக் காக்கும் ஊசி: கணவனும் மனைவியும் அறிய வேண்டியவை

(ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்த தம்பதியர் கூட்டத்தில் மருத்துவ அலுவலர் ஆற்றிய உரை)



குடும்ப நலக் கூட்டம் என்றால் லூப்பு, மாத்திரை, ஆபரேஷன் என்றுதான் பேசுவார்கள் என்று எண்ணி வந்திருப்பீர்கள். இன்று நான் கண்ணைப் பற்றிப் பேசப் போகிறேன். "கண்ணுக்கும் குடும்ப நலத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் இருக்கிறது. நான் சொல்லப் போகிற கண் நோய், பிள்ளை பெற்று வளர்க்கிற வயதில் இருப்பவர்களைப் பெரிதும் பிடிக்கிறது. அதற்குச் சாப்பிடும் ஒரு மாத்திரை, வயிற்றில் இருக்கும் சிசுவைக் கெடுக்கும். அதற்குப் போடும் ஓர் ஊசி, பிறக்கும் குழந்தையின் தடுப்பூசி நாளையே மாற்றும். ஆகவே இது கணவன் மனைவி இருவரும் சேர்ந்து கேட்க வேண்டிய சங்கதி.

எல்லாச் சிவப்பும் மெட்ராஸ் ஐ அல்ல

கண் சிவந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? "மெட்ராஸ் ஐ, நாலு நாளில் சரியாப் போயிடும்" என்கிறோம். சிலர் தாய்ப்பால் விடுகிறார்கள், சிலர் விளக்கெண்ணெய் விடுகிறார்கள். மருந்துக் கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொள்பவர்களும் உண்டு.

மெட்ராஸ் ஐ வந்தால் கண்ணில் பீளை தள்ளும். காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். கண் உறுத்தும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும். பெரும்பாலும் பார்வை குறையாது.

நான் சொல்லும் நோய் வேறு. இதில் பீளை இருக்காது. கண்ணுக்குள்ளே ஆழமாக வலிக்கும். வெளிச்சத்தைப் பார்த்தால் கூசும். கருவிழியைச் சுற்றிச் சிவப்பு வளையம்போல் தெரியும். பார்வை மங்கும். சிலருக்குக் கண் முன்னே கொசு பறப்பதுபோல் கரும்புள்ளிகள் ஓடும். இதற்கு டாக்டர்கள் யுவைடிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குள் இரத்த ஓட்டம் மிகுந்த நடுப்படலம் ஒன்று இருக்கிறது. அது வீங்கி அழற்சி அடைவதுதான் யுவைடிஸ். இது தொற்று நோய் அல்ல. நோயாளியின் துண்டைத் தொட்டாலோ, பக்கத்தில் படுத்தாலோ வராது.

இதைக் கவனிக்காமல் விட்டால் கண்ணின் பாப்பா உள்ளே ஒட்டிக்கொள்ளும். கண்புரை விழும். கண்ணில் அழுத்தம் ஏறும். விழித்திரை கெட்டுப்போகும். அப்படிக் கெட்ட பார்வையைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று பெரியவர்கள் சொன்னது இதற்குப் பொருந்தும்.

காவலாளியே வீட்டுக்காரரை அடித்தால்

இது ஏன் வருகிறது? நம் உடம்பில் நோய் எதிர்ப்புச் சக்தி என்று ஒன்று உண்டு. அது வயலுக்குக் காவல் வைத்த ஆள் மாதிரி. கிருமி வந்தால் விரட்டும். சிலருக்கு இந்தக் காவலாளி, இருட்டில் ஆள் அடையாளம் தெரியாமல் வீட்டுக்காரரையே அடிக்கத் தொடங்கிவிடுகிறான். தன் உடம்பையே தாக்கும் இப்படிப்பட்ட நோய்கள் பல உண்டு. சில மூட்டைத் தாக்கும், சில தோலைத் தாக்கும், சில கண்ணையும் சேர்த்துத் தாக்கும்.

யாருக்கு வருகிறது என்பதற்கு மூன்று உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது, இளைஞர்களுக்கு வரும் முதுகெலும்பு வாதம். இடுப்பும் முதுகும் காலையில் எழும்போது விறைத்திருக்கும். நடமாடினால் குறையும், ஓய்வெடுத்தால் கூடும். "வரப்பு வெட்டினேன், மூட்டை தூக்கினேன், அதான் வலி" என்று பல வருடம் ஓட்டிவிடுவார்கள். இவர்களில் பலருக்குத் திடீரென்று ஒரு கண் சிவந்து வலிக்கும். இடுப்பு வலியையும் கண் வலியையும் சேர்த்து டாக்டரிடம் சொன்னால்தான் நோய் பிடிபடும்.

இரண்டாவது, குழந்தைகளுக்கு வரும் மூட்டு வாதம். இதுதான் மிகவும் ஏமாற்றும். சிறு குழந்தைக்கு, அதிலும் பெண் குழந்தைக்கு, ஒன்றிரண்டு மூட்டு வீங்கியிருக்கும். கண் சிவக்காது, வலிக்காது. வெள்ளை வெளேரென்று நன்றாகவே தெரியும். ஆனால் உள்ளே அழற்சி நடந்துகொண்டிருக்கும். ஸ்லிட் லாம்ப் என்ற கருவியில் பார்த்தால்தான் தெரியும். ஆகவே மூட்டு வாதம் உள்ள குழந்தையை, கண்ணில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும், டாக்டர் சொன்ன தவணையில் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கு இது 3 மாதத்துக்கு ஒரு முறை.

மூன்றாவது, தலைவலியும் காதில் இரைச்சலும் வந்து, இரண்டு கண்ணும் மங்கிப்போகும் ஒரு நோய். பிறகு தோலில் வெள்ளைத் திட்டு விழும், இமை முடி நரைக்கும். ஊரார் இதைச் சாபம் என்றும், செய்வினை என்றும் சொல்லலாம். சாபமும் இல்லை, செய்வினையும் இல்லை. இதுவும் அந்தக் காவலாளி செய்யும் தவறுதான்.

முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்

கண்ணுக்குள் அழற்சி என்றால் எல்லாமே தன்னைத் தானே தாக்கும் நோய் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. நம் நாட்டில் காசநோயாலும் இது வரும். எலிக்காய்ச்சலாலும் வரும். 1993ஆம் ஆண்டு மதுரைப் பக்கம் வெள்ளம் வந்து வடிந்த பிறகு, எலிக்காய்ச்சல் கண்டவர்கள் பலருக்கு யுவைடிஸ் வந்தது. மதுரை கண் மருத்துவர்கள் அதை ஆராய்ந்து 1997ல் எழுதியிருக்கிறார்கள். சேற்றிலும் தண்ணீரிலும் நின்று வேலை செய்பவர்கள் நாம். காய்ச்சல் வந்து சில வாரம் அல்லது மாதம் கழித்துக் கண் சிவந்தால், அந்தக் காய்ச்சலைப் பற்றியும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கிருமியால் வந்த நோய்க்குக் கிருமியைக் கொல்லும் மருந்து வேண்டும். காவலாளியை அடக்கும் மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். ஆகவே இரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், "கண்ணுக்கு எதுக்கு நெஞ்சுப் படம்?" என்று தள்ளிப் போடாதீர்கள்.

படிப்படியான வைத்தியம்

முதல் படி, சொட்டு மருந்து. ஸ்டீராய்டு சொட்டு அழற்சியைக் குறைக்கும். பாப்பாவை விரிக்கும் சொட்டு, அது ஒட்டிக்கொள்ளாமல் காக்கும். நோய் கண்ணின் பின்பக்கம் இருந்தால் ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்படலாம். ஸ்டீராய்டு நல்ல மருந்து. 1948ல் அமெரிக்காவில் மூட்டு வாத நோயாளிக்கு முதலில் கொடுத்துப் பார்த்தார்கள், 1950ல் அந்தக் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்புரை விழும், கண் அழுத்தம் கூடும். சொட்டு மருந்தும் அப்படித்தான். மருந்துக் கடையில் நீங்களாக வாங்கித் திரும்பத் திரும்ப விட்டால், கண்ணைக் காக்க வாங்கிய மருந்தே கண்ணைக் கெடுக்கும். அதேபோல் நீண்ட நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இரண்டாவது படி, மெத்தோட்ரெக்சேட் போன்ற மாத்திரை. இதைச் சாப்பிட்டால் ஸ்டீராய்டைக் குறைக்கலாம். நம் அரவிந்த் கண் மருத்துவமனையும் பங்கேற்ற ஒரு பன்னாட்டு ஆய்வு 2019ல் வெளிவந்தது. இந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு 6 மாதத்தில் நோய் கட்டுப்பட்டது. விலையும் குறைவு.

ஆனால் ஒன்றை மனத்தில் ஆணி அடித்ததுபோல் வைத்துக்கொள்ளுங்கள். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடும் மருந்து. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. "ஞாயிற்றுக்கிழமை" என்று ஒரு நாளைக் குறித்துக் காலண்டரில் வட்டம் போடுங்கள். படிக்கத் தெரிந்தவர் மற்றவருக்கு எடுத்துக் கொடுங்கள். ஈரலும் இரத்தமும் சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது பரிசோதனை வேண்டும். சாராயம், பிராந்தி கூடவே கூடாது.

அந்த ஊசி எப்படி வேலை செய்கிறது?

மாத்திரைக்கும் அடங்காத நோய்க்குத்தான் மூன்றாவது படி. அதைப் பயலாஜிக் மருந்து என்பார்கள். உயிருள்ள செல்களைத் தொழிற்கூடத்தில் வளர்த்து, அவற்றைக் கொண்டு தயாரிக்கும் புரத மருந்து இது. யுவைடிஸுக்கு அதிகமாகப் பயன்படுவது அடாலிமுமாப் என்ற ஊசி.

காவலாளி உதாரணத்துக்கே வருவோம். ஒரு காவலாளி விசில் ஊதினால் மற்றவர்கள் எல்லாம் தடியோடு ஓடிவருகிறார்கள் அல்லவா? உடம்பில் அப்படிப்பட்ட ஒரு விசில் உண்டு. அதற்கு டி.என்.எஃப். என்று பெயர். ஸ்டீராய்டு கிட்டத்தட்ட எல்லாக் காவலாளிகளையும் தூங்க வைக்கிறது. இந்த ஊசியோ அந்த ஒரு விசிலை மட்டும் அடைத்துவிடுகிறது. ஆள் கூடுவது குறைந்தால் அடிதடியும் குறையும்.

இந்த மருந்து 2002ல் அமெரிக்காவில் மூட்டு வாதத்துக்கு அனுமதி பெற்றது. 2016ல் பெரியவர்களின் யுவைடிஸுக்கும், 2018ல் 2 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் யுவைடிஸுக்கும் அனுமதி கிடைத்தது. 2017ல் இங்கிலாந்திலிருந்து ஒரு ஆய்வு வந்தது. மூட்டு வாதமும் யுவைடிஸும் உள்ள 90 குழந்தைகள் அதில் இருந்தார்கள். எல்லோருக்கும் மெத்தோட்ரெக்சேட் கொடுத்தார்கள். அதோடு இந்த ஊசியும் போட்ட 60 பேரில் 16 பேருக்குத்தான் வைத்தியம் தோற்றது. வெறும் தண்ணீர் மருந்து ஊசி போட்ட 30 பேரில் 18 பேருக்குத் தோற்றது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

ஊசிக்கு முன் பரிசோதனை

அந்த விசிலுக்கு ஒரு நல்ல வேலையும் உண்டு. நம்மில் பலருக்கு உடம்பில் காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றிக் காவல் நிற்பதும் இதே காவலாளிகள்தான். விசிலை அடைத்தால் அந்தக் காவல் தளரும், காசநோய் விழித்துக்கொள்ளும். ஆகவே ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் கட்டாயம். தூங்கும் கிருமி இருந்தால் முதலில் அதற்கு மாத்திரை தொடங்குவார்கள், பிறகுதான் ஊசி. பி வகை மஞ்சள் காமாலை, ஹெச்.ஐ.வி. இவற்றுக்கும் இரத்தம் பார்ப்பார்கள். இதய பலவீனமோ நரம்பு நோயோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

ஊசி போடும் காலத்தில் காய்ச்சல், 2 வாரத்துக்கு மேல் இருமல், எடை குறைதல், ஆறாத புண் இருந்தால் அடுத்த ஊசிக்கு முன் டாக்டரைப் பார்க்க வேண்டும். கோழிக்குழம்பு, கஷாயம் என்று வீட்டிலேயே காலம் கடத்தக்கூடாது.

வீட்டில் ஊசியைப் பாதுகாப்பது

பெரியவர்களுக்கு வழக்கமாக 2 வாரத்துக்கு ஒரு முறை, தொடையிலோ வயிற்றிலோ தோலுக்கு அடியில் போடும் ஊசி இது. தொப்புளைச் சுற்றி 2 அங்குலம் விட்டுப் போட வேண்டும். ஒரே இடத்தில் போடாமல் இடத்தை மாற்ற வேண்டும். கண்ணில் போடும் ஊசி அல்ல, பயப்பட வேண்டாம். நர்ஸ் அம்மா சொல்லிக் கொடுத்தால் மனைவிக்குக் கணவரோ, கணவருக்கு மனைவியோ போட்டுவிடலாம்.

இது புரத மருந்து. முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் கட்டிப்போவதுபோல் இதுவும் சூட்டில் கெடும். உறைந்தாலும் கெடும். பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி வரையுள்ள தட்டில் வைக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைக்கக்கூடாது. பஸ்ஸில் கொண்டுவரும்போது குளிர்ப்பெட்டியில், ஐஸ் நேரே படாமல் துணி சுற்றிக் கொண்டுவாருங்கள். வீட்டில் பிரிட்ஜ் இல்லையா, கரண்ட் அடிக்கடி போகிறதா? முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். தேதிக்கு ஆஸ்பத்திரிக்கே வந்து போட்டுக்கொள்ள ஏற்பாடு கேளுங்கள். போட்ட ஊசியைக் குப்பையில் எறியாதீர்கள். தடித்த டப்பாவில் போட்டுச் சேர்த்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, ஆஸ்பத்திரியில் ஒப்படையுங்கள்.

குழந்தை வேண்டும் தம்பதியருக்கு

இப்போது நம் துறையின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன்.

மனைவி மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அந்தக் காலத்தில் கரு உண்டாகக்கூடாது. கரு கலையலாம், குழந்தை ஊனத்தோடு பிறக்கலாம். மைக்கோஃபெனோலேட் என்ற மாத்திரையும் அப்படியே. ஆகவே மருந்து தொடங்கும் நாளிலேயே குடும்பக் கட்டுப்பாட்டு முறையும் தொடங்க வேண்டும். நிரோத், காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தாரா ஊசி என்று பல வழி இருக்கிறது. எது பொருந்தும் என்பதை அவருக்குள்ள நோயைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், ஆகவே டாக்டரிடம் கேளுங்கள். குழந்தை வேண்டும் என்றால் மாதவிலக்கு தள்ளிப்போன பிறகு வந்து சொல்லாதீர்கள். குறைந்தது 3 மாதத்துக்கு முன்பே வந்து சொன்னால், மருந்தை மாற்றிக் கொடுப்பார்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். தவறித் தள்ளிப்போனால் மட்டும் அடுத்த மாத்திரையைச் சாப்பிடாமல் அன்றே வந்துவிடுங்கள். கணவர் இந்த மாத்திரைகளைச் சாப்பிடுபவரானாலும் முன்கூட்டியே கேட்பது நல்லது.

அடாலிமுமாப் ஊசி அப்படி அல்ல. தேவை என்றால் கர்ப்பிணிக்கும் டாக்டர் மேற்பார்வையில் போடலாம், தாய்ப்பாலும் கொடுக்கலாம். ஆனால் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இந்த மருந்து தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேரும், பிறந்து சில மாதம் உடம்பில் தங்கும். அந்தக் குழந்தைக்கு உயிருள்ள கிருமியைக் கொண்டு செய்த தடுப்பு மருந்து ஆகாது. நம் ஊரில் பிரசவமானதும் போடும் பி.சி.ஜி. அப்படிப்பட்டது, போலியோ சொட்டும் அப்படிப்பட்டதே. ஆகவே பிரசவத்துக்குப் போகும்போதே, "நான் கர்ப்பத்தில் இந்த ஊசி போட்டவள்" என்று டாக்டரிடமும் நர்ஸ் அம்மாவிடமும் சொல்ல வேண்டும். கர்ப்பிணி அட்டையிலும் எழுதச் சொல்லுங்கள். வலியில் அவர் மறந்தால் சொல்ல வேண்டியவர் கணவர். எந்தத் தடுப்பு மருந்தை 6 மாதம் தள்ளிப் போடுவது என்பதை டாக்டர் சொல்வார். மற்ற தடுப்பூசிகளை உரிய நாளில் போட்டே ஆக வேண்டும்.

இன்னொன்று. கர்ப்ப காலத்தில் பலருக்குக் கண் நோய் அடங்கியிருக்கும், பிரசவத்துக்குப் பிறகு திரும்ப வரலாம். பிள்ளையைப் பார்த்துக்கொண்டு தாய் தன் கண்ணை மறந்துவிடக்கூடாது.

"இப்ப நல்லாத்தானே இருக்கு?"

இந்தக் கேள்விதான் அதிகக் கண்களைக் கெடுக்கிறது. ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மனைவிக்கு ஊசி போட்டு 6 மாதம் ஆகிறது. சிவப்பு இல்லை, வலி இல்லை, பார்வை தெளிந்துவிட்டது. நாற்று நடும் காலம், கையில் பணம் இல்லை. "இந்த மாசம் விட்டுடுவோம்" என்கிறார் கணவர். "எனக்கென்ன, பரவாயில்லை" என்கிறார் மனைவி. ஒரு மாதம் மூன்று மாதமாகிறது. நோய் அடங்கித்தான் இருந்தது, போய்விடவில்லை. திரும்ப வரும்போது முன்பு தப்பிய விழித்திரையைப் பிடித்துக்கொள்கிறது. விட்டு விட்டுப் போட்டால், உடம்பு இந்த மருந்தையே எதிரியாக நினைத்து முறிக்கவும் கற்றுக்கொள்ளும். பிறகு அதே ஊசி பலிக்காமல் போகலாம்.

2025ல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வைக் கேளுங்கள். மூட்டு வாதத்தோடு வந்த யுவைடிஸ் நன்றாக அடங்கியிருந்தவர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஊசியைத் தொடர்ந்த 43 பேரில் 6 பேருக்குத்தான் நோய் திரும்பியது. நிறுத்திய 44 பேரில் 30 பேருக்குத் திரும்பியது. டாக்டர்கள் நெருக்கமாகக் கவனித்து உடனே ஊசியைத் திரும்பத் தொடங்கியதால் அவர்கள் பார்வை தப்பியது. நாமாக நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தால் யார் கவனிப்பார்கள்? நிறுத்தும் காலம் ஒன்று வரலாம். அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

செலவு உண்மைதான், மறுக்கவில்லை. 2014ல் நம் நாட்டுக் கம்பெனியே இந்த மருந்தைத் தயாரித்து விற்கத் தொடங்கியதிலிருந்து விலை குறைந்திருக்கிறது. ஆனாலும் கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அது பாரம்தான். பணமுடை என்றால் ஊசியைத் தவறவிட்ட பிறகு சொல்லாதீர்கள், முன்பே சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கொண்டுபோய் என்ன உதவி கிடைக்கும் என்று விசாரியுங்கள். மருந்து மாற்றவோ வேறு வழி செய்யவோ டாக்டரால் முடியும். தெரியாமல் நின்றுபோன மருந்துக்கு யாராலும் வழி செய்ய முடியாது.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. டிராக்டருக்கு டயர் போனால் கடன் வாங்கியாவது மாற்றுகிறோம். மனைவியின் கண்ணுக்கு மட்டும் "அறுவடை முடியட்டும்" என்பது நியாயமா? தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. "எனக்கென்ன, பரவாயில்லை" என்று சொல்லாதீர்கள். அடுப்பில் பால் பொங்குவதைப் பார்ப்பதும், பிள்ளை கிணற்றடிக்குப் போவதைப் பார்ப்பதும் உங்கள் கண்தான். இந்த நோய் வந்தவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவது, "சொல்லாம கட்டிவச்சுட்டாங்க" என்று பழிப்பது, இவை எல்லாம் அறிவுடைமை அல்ல. நோய் யாருடைய குற்றமும் அல்ல.

சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். பீளை இல்லாமல் வலித்துச் சிவக்கும் கண்ணை அன்றே காட்டுங்கள். கடைச் சொட்டு மருந்து வேண்டாம். வார மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள்தான். ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை. கருத்தரிக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை. பிரசவத்தில் பி.சி.ஜி.க்கு முன் ஒரு வார்த்தை. நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் கூச்சப்படாமல் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். இந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய், படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, இருவரும் சேர்ந்து கேளுங்கள்.